கெட்ட சோறு போட்டவருக்குப் பொறுப்பில்லையா?
உம்ராப் பயணிகளே, உங்கள் உரிமையைக் கேளுங்கள்!

உம்ராவுக்குப் போய்த் திரும்பியவர்களைச் சந்தித்து, பயணம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். "அல்ஹம்து லில்லாஹ், எல்லாம் நல்லபடியாக முடிந்தது" என்பார்கள். சற்று நேரம் உட்கார்ந்து பேசினால் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொல்வார்கள். "மூன்றாம் நாள் ராத்திரி சாப்பாட்டில் ஏதோ கோளாறு ஹஜ்ரத். எங்கள் குரூப்பில் பாதிப்பேருக்கு வாந்தி, பேதி. மதீனாவில் இருந்த நான்கு நாளும் ரூமிலேயே கிடந்தேன்."

டிராவல்ஸ்காரரிடம் கேட்டீர்களா என்றால், "போனது உம்ராவுக்கு. அங்கே போய்ச் சோற்றுக்குச் சண்டை போடுவதா? ஸப்ர் செய்துவிட்டேன்" என்று பதில் வருகிறது.

இந்தப் பதிலைக் கேட்டு மெய்சிலிர்ப்பவர்கள் இருக்கலாம். நமக்கு வருத்தம்தான் வருகிறது. ஏனென்றால் இவர் பொறுத்துக் கொண்டதால் அடுத்த மாதம் புறப்பட்ட குழுவுக்கும் அதே கேட்டரிங்கிலிருந்து அதே சோறு வந்தது. இவருடைய பொறுமைக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. ஆனால் அந்தப் பொறுமையை முதலாக்கி ஒருவர் வியாபாரம் நடத்துகிறாரே, அவருக்கு என்ன உண்டு?

சமுதாய மக்களே! இது சோற்றுப் பிரச்சினை அல்ல. அமானத் பிரச்சினை; உயிர்ப் பிரச்சினை.

பண்டாரிக்குத் தெரிந்தது கேட்டரிங்காரருக்குத் தெரியாதா?

நம் ஊர்க் கல்யாண வீட்டில் பண்டாரி தேக்சாவை இறக்கினால் சூடு ஆறுவதற்குள் சஹன் வைத்து விடுவார். மிஞ்சிய நெய்ச்சோற்றை மறுநாள் பந்திக்கு வைக்கச் சொன்னால் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுவார். அனுபவத்தில் அவர் அறிந்ததைத்தான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. சமைத்த உணவை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்கக் கூடாது. வைத்துப் பரிமாறுவதானால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவே வைத்திருக்க வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் மளமளவென்று பெருகுகின்றன.

சில கிருமிகள் சோற்றில் நஞ்சைக் கக்கி வைத்து விடுகின்றன. மறுபடி சூடு பண்ணினால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. "சூடு பண்ணித்தான் கொடுத்தோம்" என்று சொல்வது இதனால்தான் பதிலாகாது.

புனிதத் தலங்களில் நடப்பதைப் பாருங்கள். காலையில் சமைத்துப் பொட்டலம் கட்டிய சாப்பாடு லுஹருக்கு ஓட்டலுக்கு வந்து சேர்கிறது. ஹரமில் தொழுது விட்டு, தவாஃபும் முடித்து ஹாஜிமார்கள் அறைக்குத் திரும்பும்போது அஸரும் ஆகிவிடுகிறது. பொட்டலம் அதுவரை வராந்தாவில் கிடக்கிறது. பிரித்துச் சாப்பிடுபவர் அறுபது எழுபது வயதுக்காரர். சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு.

உலகம் முழுவதும் கெட்டுப்போன உணவால் ஆண்டுதோறும் 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள் என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. வயிற்றுப்போக்கைச் சாதாரணமாக நினைப்பவர்கள் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கட்டும். 2024 ஜூன் மாதம் ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசே அறிவித்தது. அந்த வெயிலில் உடம்பின் நீரெல்லாம் பேதியில் போய்விட்ட ஒரு பெரியவரின் நிலை என்ன?

வணக்கத்தின் பக்கமிருந்தும் பாருங்கள். வயிற்றுப்போக்கு உள்ளவருக்கு உளூ நிற்பதில்லை, தவாஃப் தடைபடுகிறது. வாழ்நாள் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்து, பேத்தியின் நகைக்கென்று வைத்திருந்ததையும் எடுத்துக் கொண்டு வந்த ஒரு தாய், பெருமானார் (ஸல்) அவர்களின் ஊரில் இருந்தும் மஸ்ஜிதுந் நபவிக்குப் போக முடியாமல் கட்டிலில் கிடக்கிறாள். இந்த இழப்பை எந்த நஷ்ட ஈடும் ஈடு செய்யாது. அதற்காக ஈடே கேட்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

"ஸப்ரைப் பற்றி ஒரு பயான் பண்ணுங்கள்"

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவுக்கு மார்க்க வழிகாட்டியாகச் சென்றிருந்தேன். மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போகும் வழியில் பஸ்ஸிலேயே கோழி பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். அன்று நள்ளிரவு தொடங்கி விடிவதற்குள் பதினொரு பேர் படுத்து விட்டார்கள். இருவருக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டி வந்தது.

காலையில் குழுவை நடத்தி வந்த மேனேஜர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், இன்றைக்கு மக்ரிபுக்குப் பிறகு ஸப்ரைப் பற்றி ஒரு பயான் பண்ணுங்கள். ஜனங்கள் கொஞ்சம் சூடாக இருக்கிறார்கள்" என்றார். "முதலில் டாக்டரைக் கூட்டி வாருங்கள். பயான் பிறகு" என்றேன். அன்று அமானத்தைப் பற்றித்தான் பேசினேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் ஒரு பெரியவரின் மகன் அந்த நிறுவனத்தில் போய்க் கேட்டார். "சாப்பாடு கேட்டரிங்காரன் கொடுத்தது. நாங்கள் என்ன செய்வது?" என்றார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே என்று திருப்பிக் கேட்டார்கள். அதை அங்கேயே யாரோ தூக்கிப் போட்டு விட்டார்கள். எழுதிக் கொடுத்த புகார் ஒன்று கூட இல்லை. விஷயம் அத்தோடு முடிந்தது. நியாயம் இருந்தது, ஆதாரம் இல்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

அல்லாஹ்வின் நாட்டப்படி வரும் சோதனையைப் பொறுப்பது ஸப்ர். மனிதனின் அலட்சியத்தால் வந்த தீங்கிற்கு அந்த மனிதனைப் பொறுப்பாக்குவது அத்ல், நீதி. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. விபத்தில் கால் போனவர் கத்ரைப் பொருந்திக் கொள்கிறார். லாரிக்காரரிடம் நஷ்ட ஈடும் பெறுகிறார். அவரிடம் போய் "உமக்கு ஈமான் இல்லை" என்று யாராவது சொல்வோமா?

பெருமானார் (ஸல்) அவர்களின் வீட்டிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. ஒரு மனைவியார் உணவோடு அனுப்பிய தட்டை இன்னொரு மனைவியார் தட்டி விட, அது உடைந்தது. நபியவர்கள் சிதறிய உணவைத் தம் கையாலேயே அள்ளினார்கள். பிறகு உடைத்தவரின் வீட்டிலிருந்து நல்ல தட்டு ஒன்றை வாங்கி, உடைபட்டவருக்குக் கொடுத்தனுப்பினார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. குடும்பத்திற்குள் உடைந்த ஒரு தட்டுக்கே ஈடு உண்டென்றால், காசு வாங்கிக் கொண்டு கெடுத்த உடம்புக்கு ஈடு இல்லையா?

மருத்துவம் அறியாதவன் மருத்துவம் பார்த்துத் தீங்கு வந்தால் அவனே பொறுப்பாளி என்ற நபிமொழி அபூதாவூதிலும் நஸாயீயிலும் உள்ளது. லாபம் யாருக்கோ பொறுப்பும் அவருக்கே என்பது ஹதீஸின் அடிப்படையில் ஃபுகஹாக்கள் வகுத்த விதி. கேட்டரிங்காரரைத் தேடிப் பிடித்தது டிராவல்ஸ். விலை பேசியது டிராவல்ஸ். இரண்டு ரியால் குறைத்து வாங்கி லாபத்தை வைத்துக் கொண்டதும் டிராவல்ஸ். வாந்தி வந்த பிறகு மட்டும் "அது கேட்டரிங்காரன் பொறுப்பு" என்றால் எப்படி?

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்ததும் உள்ளே ஈரமுமாக இருக்கக் கண்ட நபியவர்கள் அந்த வியாபாரியைப் பார்த்து, இது மழையில் நனைந்தது, போகட்டும் என்று விட்டு விடவில்லை. ஏமாற்றுபவன் நம்மைச் சார்ந்தவன் அல்லன் என்று எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை ஹஜ் சர்வீஸ் போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்குப் பொருந்தாதா?

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

"நாம் போனது வணக்கத்திற்கு, அதில் எங்கே வியாபாரம்?" என்று கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்து கொள்ளட்டும். தனியார் ஹஜ், உம்ரா நிறுவனங்களின் சங்கம் தங்கள் சேவைக்கு ஜி.எஸ்.டி. வரியிலிருந்து விலக்குக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 ஜூலையில் அந்த வழக்கு தள்ளுபடி ஆனது. நிறுவனம் விற்பது சேவை; அதற்கு வரி உண்டு. வரி கட்டி வாங்குகிற நீங்கள் நுகர்வோர்.

1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. சேவை என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் உணவையும் தங்குமிடத்தையும் இச்சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அலட்சியத்தால் நுகர்வோருக்கு நஷ்டமோ காயமோ விளைந்தால் அது சேவைக் குறைபாடு என்கிறது. இதன் சில அம்சங்களை நம் மக்கள் மனதில் பதித்துக் கொள்ள வேண்டும்.

வழக்கை நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நிறுவனம் சென்னையில் இருக்கிறதே, மும்பையில் இருக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் எதுவும் கிடையாது. சாதாரண உம்ராப் பேக்கேஜ் எல்லாம் இந்த வரம்புக்குள்தான் வரும். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பாதிப்பு ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்துவிட வேண்டும். ஒரே குழுவில் பலர் பாதிக்கப்பட்டிருந்தால் ஆணையத்தின் அனுமதி பெற்று எல்லோருக்குமாகச் சேர்த்து வழக்குப் போடலாம். ஆணையம் உத்தரவிட்டும் பணம் தராதவருக்குச் சிறைத் தண்டனை வரை உண்டு. வழக்குக்கு முன்பே ஆலோசனை வேண்டுமானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

"முஸ்லிம் சகோதரனைக் கோர்ட்டுக்கு இழுப்பதா?" என்று கேட்பார்கள். இழுக்காமலே தீரட்டுமே! ஸுல்ஹு சிறந்தது என்று நாமும் சொல்கிறோம். முதலில் ஜமாஅத்தில் உட்கார வையுங்கள். சட்டத்திலேயே சமரச மையத்திற்கு அனுப்பும் வழி இருக்கிறது. இரண்டுக்கும் அசையாதவரிடம் உரிமையைப் பெற நீதிமன்றம் போவது குற்றமல்ல.

சிகிச்சைச் செலவும் வீணாகிப் போன நாட்களின் கட்டணமும் கண்கூடான நஷ்டம். அதைக் கேட்பதில் மார்க்கத்தில் தயக்கத்திற்கு இடமில்லை. மன உளைச்சலுக்குப் பணம் பெறலாமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேணுதல் உள்ளவர்கள் கண்கூடான நஷ்டத்தை மட்டும் கேட்கட்டும்.

பிரிட்டன் நமக்குத் தரும் இரண்டு பாடங்கள்

வெளிநாட்டுச் சுற்றுலாவில் கெட்ட உணவால் நோயுற்றவர் நஷ்ட ஈடு கேட்பது பிரிட்டனில் சர்வ சாதாரணம். ஐரோப்பியச் சமூகம் 1990-ல் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி பிரிட்டனில் 1992-லும், புதுப்பிக்கப்பட்டு 2018-லும் பேக்கேஜ் பயண விதிகள் வந்தன. பேக்கேஜை விற்றவர், அதில் அடங்கிய சேவையை வேறொருவர் செய்தாலும் தாமே பொறுப்பு என்பது அவற்றின் உயிர்நாடி. ஓட்டல்காரரைத் துரத்திக் கொண்டு பயணி வேறு நாட்டுக்கு ஓட வேண்டியதில்லை. அங்குள்ள நம் சகோதரர்கள் வாங்கும் ஹஜ், உம்ராப் பேக்கேஜ்களுக்கும் இதே விதிதான்.

டொமினிகன் குடியரசில் விடுமுறைக்குப் போய் நோயுற்ற தம்பதியர் தொடுத்த வழக்கில் 2017-ல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், பேக்கேஜில் அடங்கிய உணவு உண்ணத் தகுந்த தரத்தில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் விற்ற நிறுவனம் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. ஆனால் நோய் அந்த உணவால்தான் வந்தது என்று நிரூபிப்பது எளிதல்ல என்றும் நீதிபதிகள் சேர்த்துச் சொன்னார்கள். துருக்கியில் நோயுற்ற ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 நவம்பரில்தான் அவர் பக்கம் தீர்ந்தது. அவரைக் காப்பாற்றியது மருத்துவ நிபுணரின் அறிக்கை. எதிர்த்தரப்பு அந்த நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டுவிட்டுக் கடைசியில் அறிக்கையைக் குறை சொன்னது முறையல்ல என்று நீதிமன்றம் கருதியது. ஆதாரமே வழக்கு. இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் கசப்பானது. நஷ்ட ஈடு எளிது என்று தெரிந்ததும் பொய் வழக்குகள் குவிந்தன. ஸ்பெயினின் ஓட்டல் வாசல்களில் தரகர்கள் நின்று ஆள் பிடித்தார்கள். நோயே வராமல் சுமார் 20,000 பவுண்ட் கேட்ட ஒரு ஜோடி, விடுமுறையில் சந்தோஷமாக இருந்ததாகத் தாங்களே வலைத்தளத்தில் எழுதியிருந்ததால் மாட்டிக் கொண்டு 2017 அக்டோபரில் சிறைக்குப் போனது. 2018-ல் அரசு இத்தகைய வழக்குகளில் வக்கீல் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது. பொய்யர்களால் உண்மையான நோயாளியும் சந்தேகத்திற்கு ஆளானார்.

நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை உண்டு. வாதத் திறமையால் தமக்குச் சாதகமாகத் தீர்ப்புப் பெற்று, தம் சகோதரனின் உரிமையை எடுத்துக் கொள்பவர் நரக நெருப்பின் ஒரு துண்டையே எடுத்துக் கொள்கிறார் என்று நபியவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. கடைவீதியில் வாங்கித் தின்ற ஷவர்மாவால் வந்த வயிற்றுவலியை டிராவல்ஸ் தலையில் கட்டுபவருக்கு இந்தக் கட்டுரை துணை நிற்காது.

அங்கே இருக்கும்போதே செய்ய வேண்டியவை

முதலில் உயிர். உப்புச் சர்க்கரைக் கரைசலை ஆரம்பத்திலேயே குடிக்கத் தொடங்குங்கள். சவூதியில் ஆம்புலன்ஸ் எண் 997, சுகாதார அமைச்சின் ஆலோசனை எண் 937. உம்ரா விசாவோடு மருத்துவக் காப்பீடும் சேர்ந்தே வருகிறது. அந்தக் காப்பீட்டுத் தாளைப் புறப்படும்போதே நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக் கொள்ளுங்கள்.

அடுத்தது ஆதாரம். ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு, மருந்துப் பில், பரிசோதனை முடிவு எதையும் விடாதீர்கள். மலப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கிருமி என்று அது சொன்னால் வழக்கில் பாதி முடிந்தது. யார் யார், எந்த நேரத்தில், எதைச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்று அன்றே எழுதி வையுங்கள். சாப்பிடாதவர் யார், அவர் நன்றாக இருக்கிறாரா என்பதையும் எழுதுங்கள். இது முக்கியம். ஏனென்றால் ஒருவகைக் கிருமியின் நஞ்சு அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்திற்குள் வேலையைக் காட்டும். சால்மோனெல்லா போன்றவை ஆறு நாள் வரைக்கும் எடுத்துக் கொள்ளும். கடைசியாகச் சாப்பிட்டதுதான் காரணம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பொட்டலத்தையும் அதன் மேல் ஒட்டியுள்ள சீட்டையும் படம் எடுங்கள்.

மூன்றாவது, எழுத்து. குழுத் தலைவரிடம் வாயால் சொன்னது காற்றோடு போகும். வாட்ஸ்அப்பிலாவது, தேதியும் நேரமும் பதியும்படி எழுதி அனுப்புங்கள். உணவு சுகாதாரம் பற்றி அங்குள்ள பலதியாவுக்குப் புகார் செய்ய எண் 940. கடன் கொடுத்தால் எழுதி, சாட்சி வைத்துக் கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். பயணத்திற்குப் பணம் கட்டும்போதே ரசீதும், உணவு யார் தருவது என்ற விவரமும் எழுத்தில் கேட்பது அவநம்பிக்கை ஆகாது.

ஊர் திரும்பியதும் நிறுவனத்திற்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட ஆணையத்திற்குப் போங்கள்.

ஜமாஅத்துகளும் ஆலிம்களும் என்ன செய்யப் போகிறோம்?

இனிச் சொல்வது சிலருக்கு உறைக்கும். நம்மூரில் ஹஜ் சர்வீஸ் நடத்துபவர் பள்ளிவாசலுக்கு ஃபேன் வாங்கித் தருகிறார், மதரஸா ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டுத் தருகிறார், சமுதாயப் பத்திரிகைகளுக்கு விளம்பரம் தருகிறார். ஆலிமுக்கு இலவச ஸீட் தந்து, அவர் பெயரைப் போஸ்டரில் பெரிதாகப் போட்டு ஆள் சேர்க்கிறார். இதெல்லாம் தவறென்று சொல்லவில்லை. ஆனால் ஜனங்கள் பணம் கட்டுவது நிறுவனத்தை நம்பியல்ல. போஸ்டரில் உள்ள ஹஜ்ரத்தின் முகத்தை நம்பி. அந்த முகம் ஓர் அமானத். பெயர் கொடுக்குமுன் சமையல் எங்கே, கொண்டு வருவது யார், எத்தனை மணிக்குச் சமைத்து எத்தனை மணிக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கேட்டால் ஸீட் போய்விடும் என்றால், போகட்டும். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் உம்ரா வழியனுப்பு நிகழ்ச்சி நடக்கிறது. தல்பியா கற்றுக் கொடுக்கிறோம், இஹ்ராம் கட்டக் கற்றுக் கொடுக்கிறோம். அத்துடன் கால் மணி நேரம் பயணியின் உரிமைகளையும் சொல்லிக் கொடுப்போம். பதிவு பெற்ற நுகர்வோர் சங்கமும் பாதிக்கப்பட்டவருக்காக வழக்காட முடியும் என்று சட்டம் சொல்கிறது. மாவட்டத்திற்கு ஒன்றாக அப்படியொரு சங்கத்தை நாமே பதிவு செய்ய என்ன தடை?

அரசியல் தளத்திலும் வேலை இருக்கிறது. பேக்கேஜை விற்றவரே எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்று பிரிட்டனில் உள்ளதுபோல் வெளிப்படையான தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஒவ்வொரு வழக்கிலும் பாதிக்கப்பட்டவரே வாதாடி நிலைநாட்ட வேண்டியிருக்கிறது. அப்படியொரு சட்டம் வந்தால் காசிக்கும் கைலாயத்துக்கும் போகும் சகோதர சமுதாயத்தவருக்கும், ஜெருசலத்துக்குப் போகும் கிறிஸ்தவச் சகோதரர்களுக்கும் சேர்த்தே நன்மை. தேர்தலில் நம் வாக்கு வாங்கிய எம்.பி.க்களிடம் இந்தக் கோரிக்கையை வைப்போம்.

நேர்மையாகத் தொழில் செய்யும் நிறுவனத்தார் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டுரை எதிரியல்ல. மலிவுச் சோறு போட்டு விலையைக் குறைத்து, அவர்களுடைய வாடிக்கையாளர்களைக் கவர்ந்து செல்பவர்களுக்குத்தான் இது எதிரி.

அல்லாஹ்வின் விருந்தாளிகளை அழைத்துச் செல்பவர், அந்த விருந்தாளிகளின் இலைக்கும் பொறுப்பாளி. நாளை மறுமையில் அவர் அதற்குப் பதில் சொல்லத்தான் போகிறார். இம்மையிலும் கேட்டு வைப்பது அவருக்கே நல்லது.

அநீதி இழைக்காமலும் அநீதிக்கு ஆளாகாமலும் வாழ வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.